ஐந்தாவது இணைப்பு

ஜெறால்டின் உடல் கடலில் கிடைக்கவில்லை. அவன் வீட்டில் வைத்துவிட்டுப் போன போனை அணைத்து, ஒரு சட்டையோடு பெட்டியில் வைத்து, கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினோம்.

தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் தேவாலயத்தின் பங்கு அலுவலகம். அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்ப்பது என் வேலை. ஒன்பதாம் நாள் வைஃபை பட்டியலைத் திறந்தேன். நான்கு இணைப்புகள்தான் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. ஐந்தாவது ஜெறால்டின் போன்.

பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளும் இருந்தது. அந்தப் போனையே பிளாக் செய்தேன். அதற்கு மறுநாளும் இருந்தது.

அவன் மனைவி ஷீஜாவிடம் சொன்னேன்.

"அதுல என்னத்தப் பாக்காரு?" என்று கேட்டாள்.

"கடல்காத்து எச்சரிக்கை போடுற பக்கம் மட்டுந்தான். தெனமும் காலைல ஒரு தடவ."

"அண்ணைக்குக் காலைல அதைப் பாக்காமத்தான் கடலுக்குப் போனாரு," என்றாள். "இனி பிளாக் பண்ணாண்டாம் அண்ணா. பாக்கட்டு."

விட்டுவிட்டேன்.

இன்று விடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் நாற்பத்தொரு தடவை திறக்கப்பட்டிருக்கிறது. நானும் திறந்து பார்த்தேன். எச்சரிக்கை ஏதும் இல்லை. வெளியே தென்னை ஓலைகூட அசையவில்லை. என் தம்பியின் வள்ளம் உட்பட எல்லா வள்ளங்களும் கடலுக்குப் போயிருந்தன.

பட்டியலை மறுபடி திறந்தேன். நாற்பத்திரண்டு தடவை.