கடைசியாக வரும் பிள்ளை

"என்ர மகளில என்ன குறை கண்டனீங்கள், ரீச்சர்?"

கதிரையில் இருக்க முதலே யோகமலர் கேட்டாள். கையில் சுபாங்கியின் கிண்டர்கார்டன் றிப்போட். 'வெளியே விளையாடப் போகும்போது தினமும் கடைசியாகத்தான் ஆயத்தமாகிறாள்' என்ற வரிக்கு மட்டும் அவளே போட்ட சிவப்புக் கோடு. மற்ற மூன்று பக்கத்தையும் அவள் புரட்டியதாகத் தெரியவில்லை.

"குறை எண்டு எழுதேல்லை அக்கா. கண்டதை எழுதினனான்," என்றாள் றெபேக்கா ரீச்சர்.

"வீட்டில ஸ்னோ சூட், பூட்ஸ் எல்லாம் ரெண்டு நிமிசத்தில போடுவாள். ஃபோனில நேரம் வச்சுப் பார்த்தனான். இந்த றிப்போட்டை வச்சுப் பிள்ளையை வேற வகுப்புக்கு மாத்திப் போடுவியளோ எண்டு பயமாக் கிடக்கு."

பாவம், பயந்துதான் போயிருந்தாள்.

"ஒருத்தரும் மாத்தேல்லை. நாளைக்குப் பத்தரைக்கு வந்து கதவுக் கண்ணாடியால பாருங்கோ. கை எவ்வளவு வேகம் எண்டு மட்டும் பார்க்காதேங்கோ. முழுப் பிள்ளையையும் பாருங்கோ."

யோகமலர் விடுகிற ஆளா? அன்று பின்னேரமே வீட்டில் ஐந்து தடவை ஒத்திகை. காலையில் காருக்குள் ஒரு பேரமும் பேசினாள்.

"இண்டைக்கு ஃபர்ஸ்ற்றா வந்தியெண்டால் ஐஸ்கிறீம். அம்மா பார்த்துக்கொண்டு நிப்பன்."

பத்தரைக்கு வகுப்பே ஸ்னோ சூட்டுகளோடு மல்லுக்கட்டியது. சுபாங்கி இரண்டே நிமிடத்தில் எல்லாம் போட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். முதலாவது அவள்தான். கண்ணாடிக்கு வெளியே நின்ற யோகமலர் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

சுபாங்கி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரும்பி மூலையைப் பார்த்தாள். மன்னாரிலிருந்து வந்து மூன்று கிழமையான றெஜினா, ஒற்றைப் பூட்ஸைக் கையில் வைத்து முழித்துக்கொண்டிருந்தாள்.

சுபாங்கி போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். சிப்பை இறக்கினாள். பூட்ஸையும் கழற்றினாள்.

"ஐயோ, இவள் என்ன செய்யிறாள்," என்று யோகமலர் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள்.

உள்ளே சுபாங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து போடத் தொடங்கினாள். மெதுவாக. றெஜினா அதைப் பார்த்துப் பார்த்துத் தானும் போட்டாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பனியில் ஓடத் தொடங்கிய பிறகுதான் இரண்டு பேரும் கைகோத்தபடி வந்தார்கள்.

யோகமலர் மகளுக்கு முன்னால் குந்தினாள். "ஏனம்மா, ஐஸ்கிறீம் வேண்டாமோ?"

சுபாங்கி றெஜினாவின் கையை விடாமலே அம்மாவின் காதுக்குள் சொன்னாள்:

"வேணும். பட் றெஜினா தனிய லாஸ்ற் எண்டா அழுவா அம்மா. ரெண்டு பேர் லாஸ்ற் எண்டா அழமாட்டா."