டச்சுக்கு ஆள் இல்லை

மகன் பகலவன் ஹாலந்தில் இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. அஸ்தியை அனுப்பச் சொல்லி டச்சுக்கார மருமகளிடம் கேட்க அம்சத்துக்குப் பாஷை இல்லை. மொழிபெயர்ப்பு ஆபீஸில், “ஜெர்மனுக்கு ஆள் இருக்கும்மா, டச்சுக்குத் தேடிக்கிட்டிருக்கோம்,” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. மருமகள் அழுதுகொண்டே பேசினாள். ஓர் ஆண்குரல் அதைத் தமிழில் சொன்னது.

“அஸ்திய அனுப்புறாங்களாம்.”

“நல்லாருப்பீங்க தம்பி. ஆத்துல கரைக்கணும்.”

“நம்ம வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா?”

“இன்னும் இல்லீங்களே.”

“வந்துருச்சும்மா. போய்ப் பாரு.”

மத்தியானம் ஆபீஸ்காரர் கூப்பிட்டார். “மன்னிச்சுக்குங்கம்மா, டச்சுக்கு இன்னும் ஆள் கிடைக்கல.”

அம்சம் வாய்க்காலுக்குப் போனாள். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அணைந்திருந்த போனைக் காதில் வைத்து, “வந்துருச்சுப்பா,” என்றாள்.