இடப்பக்கம் இழுக்கும் டாங்கி

போட்டி மைதானத்தில் பெலிக்ஸ் ரிமோட்டின் குச்சியை முன்னே தள்ளினான். பொம்மை டாங்கி அசையவில்லை. சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, குட்டி பீரங்கிக்குப் புகை வரவழைத்து, சேற்று நிறம் பூசியது அவன்தான். மழைக்கு ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று நண்பன் தயாளன் வீட்டில் கொடுத்து வைத்திருந்தான், அவ்வளவுதான்.

“அது இப்ப என் ரிமோட்டுக்குத்தான் கேக்கும் மச்சான். போட்டிக்கும் என் பேர்லயே குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காத” என்றான் தயாளன், முகத்தைப் பார்க்காமல்.

பெலிக்ஸ் ரிமோட்டைக் கீழே வைத்தான். டாங்கிக்கு ஒரு கோளாறு உண்டு. ஓடும்போது இடப்பக்கம் இழுக்கும். கட்டைவிரலை ஒரு நூல் வலப்பக்கம் சாய்த்தே பிடிக்க வேண்டும். அது கைக்கு வர அவனுக்கே மாதக்கணக்கானது. யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் போட்ட ஒற்றைப் பலகை வரட்டும், குப்புற விழட்டும் என்று காத்திருந்தான்.

பலகை வந்தது. டாங்கி கோடு போட்டது போல நேராகப் போனது. கூட்டம் கைதட்டியது. பெலிக்ஸ் டாங்கியைப் பார்க்கவில்லை, தயாளனின் கட்டைவிரலைப் பார்த்தான். அது ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.