போல்ட்டை முறுக்கிய மடையன்

"எந்த மடையன் இதை இப்படி முறுக்கினான்?" பைக் எஞ்சினுக்குள் உடைந்து நின்ற ஆயில் போல்ட்டில் துளை போட்டபடியே மெக்கானிக் கத்தினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே" என்றாள், பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவள்.

"மூளை இருக்கிறவன் செய்யிற வேலையா இது? அவன் கையில ஸ்பேனரையே குடுக்கக் கூடாதும்மா!"

ஒருவழியாக போல்ட் வெளியே வந்து விழுந்தது. அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "கேட்டீங்கல்ல? இனிமே ஸ்பேனரைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!"

ஸ்பீக்கரில் கணவன் குரல் வந்தது.

"நல்லாவே கேட்டுச்சு. நான் இன்னைக்குக் கழட்டத்தான் பார்த்தேன். போன மாசம் ஆயில் மாத்திட்டு அதை முறுக்கினது அந்த அண்ணனேதான்."

மெக்கானிக் புது போல்ட்டை எடுத்து, பச்சைக் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் விரல் நுனியாலேயே திருகினார்.