சுத்தமான படம்

டாக்டர் இரண்டு ஸ்கேன் படங்களையும் திரையில் அருகருகே வைத்தாள்.

இடப்பக்கம், பதினெட்டு மாதத்துக்கு முந்தைய மூளை. எங்கும் சிவப்புத் திட்டுகள்.

வலப்பக்கம், போன வாரத்து மூளை. ஒரு திட்டுகூட இல்லை.

இரண்டும் நாச்சிமுத்துவுடையவை. தபால் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மயிலாத்தாள்.

"பாருங்கம்மா. மூளையில படிஞ்சிருந்தது எல்லாம் போயிருச்சு."

தன் குரல்தான் என்று அவளுக்கே தோன்றவில்லை.

மயிலாத்தாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"பூராவுமேவா?"

"பூராவும்."

"அப்புறம் ஏனுங்க டாக்டர், அவருக்கு இன்னும் என்னைத் தெரியலை?"

ஒன்பது வருஷமாக இந்த மருந்தோடு இருப்பவள் அவள். அது எந்தப் புரதத்தைத் தேடிப் போகும், அதன் எந்த மடிப்பில் ஒட்டும், எப்படிக் கரைக்கும் என்று எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். வழி மறந்த எலிகள் திரும்ப வழி கண்டுபிடித்த அன்று ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள்.

மனிதர்களிடமும் மருந்து தன் வேலையைச் செய்தது. ஒன்று விடாமல் செய்தது.

மறதி மட்டும் அது பாட்டுக்கு வளர்ந்தது. மருந்து ஏறியவர்களுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத் தண்ணீர் ஏறியவர்களுக்கும் ஒரே வேகத்தில்.

காலையில் மருந்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எல்லா ஊர்களிலும் பரிசோதனை நிறுத்தம்.

சொல்ல அவளிடம் காரணங்கள் இருந்தன. மிகவும் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம். அந்தப் படிவு நோயே இல்லை, நோய் விட்டுப்போன தடயம் மட்டும் என்றிருக்கலாம். எலி வேறு, மனிதர் வேறு. ஒவ்வொன்றையும் வைத்து ஒரு கட்டுரை எழுதலாம்.

"தெரியலைங்கம்மா," என்றாள்.

மயிலாத்தாள் தலையாட்டினார். அழவில்லை.

அழுதிருந்தால் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்திருக்கலாம். கைக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

"இனிமே ஊசி கிடையாதும்மா. இன்னையோட நிறுத்தறோம்."

"சரிங்க."

மாதம் தவறாமல், இரண்டு பஸ் மாறி, அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர். எழப்போனவர் திரும்ப உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தை ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா? சுத்தமா இருக்கறதை."

பிரிண்டர் முனகியது. காகிதம் சூடாக வந்தது. மயிலாத்தாள் அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து பொத்தானை விட்டார். படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மயிலாத்தாள் முகத்தை.

"உங்க வீட்டுக்காரருதுங்களா?"

மயிலாத்தாள் படத்தின் ஓரத்தை விரலால் நீவினார்.

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. இந்த டாக்டரம்மா கெட்டிக்காரங்க." குரலைத் தாழ்த்தினார். "ஊசியை மட்டும் நடுவுல நிறுத்திராதீங்க."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்த மாட்டேனுங்க," என்றார் மயிலாத்தாள்.