ஒரே தட்டில் இருவர்

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியே செப்டூ, உனக்கு வெக்கமா இல்ல?"

நைரோபியில் வெப்சைட் செய்து கொடுக்கும் எங்கள் கம்பெனியில் அப்போது பத்து மணி சாய் நேரம். மேனேஜர் ஒம்வெங்கா போட்ட சத்தத்தில் மண்டாசிப் பணியாரம் கடித்த வாய்கள் அப்படியே நின்றன.

வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் செப்டூ திருதிருவென்று முழித்தாள். "நான் என்ன சார் பண்ணேன்?"

"நேத்து மத்தியானம் என் கம்ப்யூட்டர்ல, அந்த வேலை தேடற சைட்ல, உன் போட்டோ, உன் பேரு! 'உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது'ன்னு வேற. என் சீட்டுலயே உக்காந்து வேற கம்பெனிக்கு அப்ளை பண்றியா?"

"அப்ளை பண்ணது நிஜம் சார். ஆனா கேன்டீன்ல, என் போன்ல. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே..."

"வாயை மூடு! இன்னிக்கே கிளம்பு!"

அவள் கண் கலங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்ப்பவள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவள் போனில் செய்தது அவர் கம்ப்யூட்டருக்கு எப்படிப் போனது? அவரைக் கேட்டுப் பயனில்லை. கணக்குப் பிரிவிலிருந்து மேனேஜரானவர். வெப்சைட் எதில் ஓடுகிறது என்றால் 'கரண்ட்டில்' என்பார்.

"பேய் வேலையா இருக்குமோ?" என்றான் பக்கத்து சீட்டு வஃபூலா.

ப்ரோகிராமர் கெருபோ சாயை உறிஞ்சினாள். "பேயுமில்ல, பிசாசுமில்ல. அந்த சைட்டை எழுதினவன் வேலை. உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனித் தட்டு வைக்கணும். இவன் எல்லாருக்கும் ஒரே தட்டு வெச்சிருக்கான். ஒண்டியா உக்காந்து சோதிச்சிருப்பான், சரியா வந்திருக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கினாத்தான் வினை. இவங்க மீன் அவங்க வாய்க்கு, அவங்க உகாலிக் களி இவங்க வாய்க்கு."

"அப்படின்னா அந்த நேரத்துல இன்னொருத்தரும் அப்ளை பண்ணியிருக்கணுமே?" என்றேன் நான்.

"பின்ன?"

எல்லாத் தலையும் மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பியது. அவர் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

செப்டூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நேத்து என் போன்ல உங்க போட்டோ வந்தது இதனாலதானா சார்? நீங்கதான் எனக்குச் சிபாரிசு பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சு, சாயங்காலம் ஜெபக் கூட்டத்துல உங்க பேரைச் சொல்லி அழுது சாட்சி சொன்னேனே!"