குண்டு டயர் சைக்கிள்

"இந்தக் குண்டு டயர் சைக்கிள் கடற்கரை மணல்ல ஓடுமாண்ணே?" என்று கேட்டார் பட்டினச்சேரிக்காரர்.

சைக்கிள் கடையில் விற்பனையாளாக நிற்கும் அருள்ராஜ் அலுப்போடு சொன்னான். "வேணாங்க. மிதிச்சா முட்டி கழண்டுரும். உப்புக் காத்துக்குத் துருவும் புடிச்சிரும்."

இரண்டு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லி அவனுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

மத்தியானம் வெளியே போய்த் திரும்பினால், சைக்கிள் நின்ற இடம் காலி.

"நீ சொல்றதுதாம்ப்பா சரி" என்றார் முதலாளி லத்தீப் பாய். "விக்காத சரக்கு நமக்கெதுக்கு? கம்பெனி வண்டியில திருப்பி ஏத்தி விட்டுட்டேன். இனிமே அந்த மாடலே வேணாம்னுட்டேன்."

அருள்ராஜ் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். வேறு யாரும் அதை வாங்கிவிடாதபடி பொய் சொல்லிக் காத்தவன், தானே அதை வாங்கவென்று கட்டிவந்த சீட்டுப் பணத்தை இப்போதுதான் எடுத்து வந்திருந்தான்.